கண்ணுக்குப் போட்ட பேண்டேஜ்

"அசையாதீங்க! காலை எடுத்து வச்சீங்கன்னா மிதிச்சிடுவீங்க!"

மனைவியின் அலறலில், குளியலறை வாசலில் தூக்கிய காலைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார் வாட்ச் ரிப்பேர்காரர். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் உலகமே புகைமூட்டமாகத் தெரிந்தது.

"எதை மிதிப்பேன்?"

தரையில் தவழ்ந்துகொண்டிருந்த மனைவி, "லென்ஸ்ங்க! லென்ஸ்... உங்க லென்ஸ்! கீழ விழுந்திருச்சு!" என்றாள்.

அவருக்குப் பார்வையைச் சரி செய்ய லேசர் சிகிச்சை முடிந்து இன்று மூன்றாம் நாள். புண்ணில் இமை உரசி வலிக்காமலிருக்க, இரண்டு கண்ணிலும் பவர் இல்லாத மெல்லிய லென்ஸை வைத்து அனுப்பியிருந்தார் டாக்டர். "இது கண்ணுக்குப் போட்ட பேண்டேஜ். அஞ்சாம் நாள் நானே எடுப்பேன். நடுவுல விழுந்தா நீங்களா மாட்டாதீங்க, உடனே வாங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். கண்ணுக்கு ஏதாவது ஆனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"ஐயோ, அதான் எரியுது!" அதுவரை சும்மா இருந்த கண் அந்த நொடியே எரியத் தொடங்கியது. "எல்லாம் உன்னாலதான். ஆறு வருஷமா சோடாபுட்டி, சோடாபுட்டின்னு உயிரை வாங்கின. கண்ணாடியோட நிம்மதியா இருந்தவனைப் பிடிச்சு இழுத்துட்டுப் போய் ஆபரேஷன் பண்ண வச்ச."

"எனக்குக் கழுகுக் கண்ணு. கட்டினவருக்கும் அப்படி இருக்கணும்னு ஆசைப்பட்டது தப்பா?" என்றபடி வாஷ்பேசினுக்கு அடியில் தலையை விட்டவள், 'டங்' என்று இடித்துக்கொண்டாள்.

பொறுமை இழந்து அவரும் மண்டியிட்டார். கடையில் விழும் கடுகளவு திருகாணிகளைத் தடவியே எடுத்துப் பழகிய விரல்கள். இரண்டே நிமிடத்தில் மிதியடி ஓரமாக ஏதோ ஈரமாக ஒட்டியது.

"கிடைச்சிருச்சு!"

"குடுங்க, குடுங்க! நான் கழுவிப் பத்திரமா வச்சிடறேன்."

"நீ வச்சு என்ன பண்ணப் போற? டாக்டர்கிட்ட போகணும், கிளம்பு."

"எதுக்குங்க வீண் அலைச்சல்? கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் படுங்க, சரியாயிடும்."

"என் கண்ணு உனக்கு அவ்வளவு இளக்காரமாப் போச்சா?" அவருக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.

ஆட்டோவில் வழிநெடுக அவள் வாயே திறக்கவில்லை. செய்த தப்பு உறைத்திருக்கிறது என்று நினைத்து, பாதி வழியிலேயே அவளை மன்னித்துவிட்டார். அவளைக் கோபித்துக்கொண்டு அவரால் ஒருபோதும் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்க முடிந்ததில்லை.

கருவியில் முகவாயை வைக்கச் சொல்லி டாக்டர் இரண்டு கண்ணையும் நிதானமாகப் பார்த்தார்.

"யார் சொன்னா விழுந்துச்சுன்னு? ரெண்டு லென்ஸும் வச்ச இடத்துலயே இருக்கு. புண்ணும் நல்லா ஆறிட்டு வருது."

"அப்ப இது?" என்று அவர் லென்ஸைப் போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்த டப்பாவை நீட்டினார்.

டாக்டர் அதை விரல் நுனியில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு, கதவோரம் ஒரு கண்ணை இடுக்கியபடி நின்றவளிடம் திரும்பினார்.

"இது நல்ல பவர் உள்ள லென்ஸும்மா. உங்களுக்கு எந்தக் கண்ணுலேருந்து விழுந்துச்சு?"

"வலது" என்றாள் மனைவி, ஆறு வருடத்தில் அவர் கேட்டேயிராத மெல்லிய குரலில்.