வழவழப்பு

“கண்ணை மூடிக்கிட்டு என்னங்க பார்க்கிறீங்க, மதலைமுத்து? படம் எதுல வரையறதுன்னுதான் கேட்டேன், வேட்டி எடுக்கச் சொல்லல!” என்று சிரித்தார் ஓவியர் ஓஸ்வால்ட்.

மதலைமுத்து சிரிக்கவில்லை. மேஜை மேல் பரப்பியிருந்த மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டிருந்தார். பஞ்சாலையில் முப்பது வருஷம் தறி ஓட்டியவர். எதைக் கண்டாலும் தொட்டுப் பார்க்கிற பழக்கம் எங்கே போகும் என்று நினைத்துக்கொண்டார் ஓஸ்வால்ட்.

பெங்களூர் கன்டோன்மென்ட்டில் ஓஸ்வால்டின் ஏர்பிரஷ்ஷுக்கு நல்ல பெயர். காலால் பம்பை மிதித்தால் பேனா மாதிரியான குழாயிலிருந்து வர்ணம் புகையாக வரும். அதில் அவர் வரைந்த முகத்தில் ஒரு பருவைக் கூடப் பார்க்க முடியாது. வயசான துரைசானிகள் அவரைத் தேடி வந்ததே அதற்காகத்தான்.

மதலைமுத்து வந்திருந்தது, பர்மா சண்டையில் செத்துப்போன மகன் தியோடரின் படத்துக்காக. கையில் இருந்தது தீப்பெட்டி அளவில் ஒரே ஒரு போட்டோ. பட்டாளத்து உடுப்பு, கன்னம் முழுக்க அம்மைத் தழும்பு. தந்தி வந்த நாளிலிருந்து அவர் மனைவி ஜோசஃபின் சரியாகச் சாப்பிடுவதில்லை. வருஷப் பூசைக்குள் பிள்ளை முகத்தை அவள் கையில் கொடுத்துவிட்டால் கொஞ்சமாவது தேறுவாள் என்று மனுஷனுக்கு நம்பிக்கை.

“இது ஐவரி போர்டு. நல்ல அட்டை. இது எனாமல் பூசின தகடு, நம்ம காலத்துக்கு அப்புறமும் நிக்கும். எது வேணும்?”

மதலைமுத்து அட்டையைத் தடவினார், தகட்டைத் தடவினார், இரண்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். கடைசியில் மேஜை ஓரத்தில் கிடந்த ஒரு முரட்டுத் துணியில் அவர் கை நின்றது. அதையே திரும்பத் திரும்பத் தடவினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது.

“இதுல போடுங்க ஸார்.”

“ஐயையோ, இதுலயா? சண்டைக்கு முன்னால வந்த துணி, இந்த ஒரு துண்டுதான் மிச்சம். இப்பல்லாம் இது பூரா பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கப் போயிடுது. இதுல அடிச்சா மூஞ்சி முழுக்க சொரசொரன்னு இருக்குமே!”

“இருக்கட்டும் ஸார். அவன் மூஞ்சி அவன் மூஞ்சியாவே இருக்கட்டும். வூட்ல அவளுக்கு…”

“வீட்டுல அம்மாவுக்கு எது பிடிக்கும்னு எனக்குத் தெரியாதா? நீங்க கவலைய விட்டுட்டு ரெண்டு வாரம் கழிச்சு வாங்க” என்று வழியனுப்பிவிட்டார் ஓஸ்வால்ட்.

மனுஷனைப் பேச விட்டிருக்கலாம். அரை நிமிஷம் ஆகியிருக்குமா? அந்த அரை நிமிஷத்துக்காக ஓஸ்வால்ட் பிறகு எத்தனையோ நாள் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

ஆனால் அன்றைக்கு அவர் நினைப்பு வேறு. பாவம், ஏழை, நல்லதாகக் கேட்கக் கூச்சப்படுகிறார் என்று முடிவு கட்டிவிட்டார். முகத்தை மாற்றாதே என்று எல்லாப் பெற்றோரும் முதலில் சொல்வார்கள், மாற்றிக் கொடுத்தால் பூரித்துப் போவார்கள். இது அவர் தொழிலில் கண்டது. அதனால் இருப்பதிலேயே உசத்தியான தகட்டை எடுத்தார். எனாமல் பூசி, தேய்த்து, மறுபடி பூசினார். பத்து நாள் வேறு வேலையைத் தொடவில்லை. ஒவ்வொரு தழும்பாக மறைய மறைய தியோடர் சினிமாக்காரன் போல ஆகிக்கொண்டே வந்தான். ஏர்பிரஷ்ஷின் ஊசியைத் துடைக்கத் துணி அகப்படாதபோது, அந்த முரட்டுத் துண்டை நாலாகக் கிழித்துக்கொண்டார்.

சொன்ன நாளில் மதலைமுத்து மனைவியோடு வந்தார். முக்காடிட்ட ஜோசஃபின் கணவரின் கையை இறுகப் பற்றிக்கொண்டு மெல்ல நடந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள், வேறு எப்படி வருவாள்?

“அம்மாவையே கூட்டிட்டு வந்துட்டீங்களா, நல்லதாப் போச்சு!” என்று ஓஸ்வால்ட் படத்தின் மேல் போட்டிருந்த துணியை விலக்கினார்.

மதலைமுத்து ரொம்ப நேரம் பார்த்தார். “ராஜா மாதிரி இருக்கான் ஸார்” என்றார். குரலில் சுரத்தே இல்லை.

ஓஸ்வால்டுக்குச் சுருக்கென்றது. இருந்தாலும் விடவில்லை. “ஒரு தழும்பு மிச்சம் இல்ல பாருங்க! நீங்க தடவிப் பாருங்கம்மா, வெண்ணெய் மாதிரி இருக்கும்.”

மதலைமுத்து மனைவியின் கையைப் பிடித்துத் தகட்டின் மேல் வைத்தார். அவள் விரல்கள் நெற்றியிலிருந்து கன்னத்துக்கு இறங்கின, திரும்ப ஏறின, எதையோ தேடின. முகம் மட்டும் சன்னல் பக்கமே இருந்தது.

“எங்கங்க தியோடரு? வெறும் தகடுல்ல இருக்குது?” என்றாள்.

மதலைமுத்து தணிந்த குரலில், “அந்த முரட்டுத் துணி இருக்குதா ஸார்?” என்று கேட்டார். ஓஸ்வால்ட் குனிந்து பார்த்தார். நாலு கிழிசலும் வர்ணம் காய்ந்து விறைத்து மேஜைக்கடியில் கிடந்தன.

“பரவால்ல ஸார், உங்களுக்குத் தெரியாது” என்றார் மதலைமுத்து. “அவனுக்கு அஞ்சு வயசுல ரெண்டு பேருக்கும் ஒண்ணாத்தான் அம்மை போட்டுச்சு. அவனுக்குத் தழும்போட போச்சு, இவளுக்குக் கண்ணு ரெண்டும் போயிடுச்சு. அன்னிலேர்ந்து அந்தத் தழும்பத் தடவித்தான் ஸார் இவ புள்ளையப் பார்த்துக்கிட்டு இருந்தா.”