பெயர் மாற்றப்பட்டுள்ளது

செய்யூர் பஸ் கல்பாக்கம் தாண்டும்வரை ஏசுபாதம் சும்மா இருந்தான். அப்புறம் சட்டைப்பையிலிருந்து இயர்போனை எடுத்து, சன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவியின் காதில் தானே மாட்டிவிட்டான்.

"இன்னா, பாட்டா?" என்றாள் சாராள்.

"பாட்டு இல்ல. பேசுறது. முழுசா கேளு."

அவள் வேறெதுவும் கேட்கவில்லை. பஸ் இரைச்சல் புகாதபடி காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவன் எதைக் கொடுத்தாலும் முதலில் வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் சண்டை போடுவாள்.

அவனுடைய அம்மா காசியம்மாளின் நினைவு ஜெபத்துக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அம்மா போய் இரண்டு வருஷம்.

ஏசுபாதம் படூரில் ஒரு கல்லூரி பஸ் ஓட்டுகிறான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டால் சாயங்காலம் நாலு மணிவரை ஷெட்டில் வண்டியும் அவனும்தான். அந்தப் பஸ்ஸில் வரும் சிநேகா என்ற மாணவி வரலாற்று பாட்காஸ்ட் ஒன்று நடத்துகிறாள். 'சும்மா இருக்கிற நேரத்துல கேளுங்கண்ணே' என்று அவன் போனில் போட்டுக்கொடுத்தாள். யாரை எந்தத் தெருவில் நடக்கவிடவில்லை, யாருடைய நிலம் யார் கைக்குப் போனது, எந்தக் கிணற்றில் யார் தண்ணீர் மொள்ளக்கூடாது என்று இருந்தது... பாடப்புத்தகத்தில் வராத கதைகள்.

அவனைப் பிடித்துக்கொண்டது அது.

கேட்கிறவர்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. 'இதைக் கேளுங்க', 'அதை விட்டுடாதீங்க' என்று ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்வார்கள். ஏசுபாதம் குழுவோடு நிற்கவில்லை. கல்லூரி வாட்ச்மேன், டீக்கடைக்காரர், சபை போதகர் என்று கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பினான். கேட்டார்களா என்று மறுநாள் விசாரிக்கவும் செய்தான். சிலர் அவன் வருவதைப் பார்த்தால் வேறு பக்கம் நடந்தார்கள்.

சாராளுக்கு மட்டும் எதையும் அனுப்பியதில்லை.

போன மாதம் வந்த எபிசோடைக் குழுவில் மூன்று பேர் அவனுக்கே சிபாரிசு செய்தார்கள். 'அண்ணே, கட்டாயம் கேளுங்க. அழுதுட்டேன்' என்று ஒரு பெண் எழுதியிருந்தாள்.

கைகூப்பும் பொம்மையைப் பதிலாகப் போட்டான். அதில் பேசுகிறவனே தான்தான் என்று சொல்லவில்லை. பேசுபவரின் பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று சிநேகா ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தாள்.

அதைத்தான் இப்போது சாராள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

போன் அவன் மடியில் இருந்தது. சத்தம் வராவிட்டாலும் நிமிடங்கள் ஓடுவது தெரிந்தது.

ஒன்பதாவது நிமிடம். அப்பா பழைய சைக்கிள் ஒன்று வாங்கித் தந்த இடம். ஊர்த்தெரு வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். அவனுக்குப் பன்னிரண்டு வயசு. சந்தோஷத்தில் மறந்துபோனான்.

பதினோராவது நிமிடம். யாரோ அதட்டினார்கள். சைக்கிளைப் போட்டுவிட்டுச் சவுக்குத்தோப்புக்குள் ஓடினான். அப்பாவைக் கூப்பிட்டு வந்தார்கள். சைக்கிளை அவர் தலையில் தூக்கிவைத்துத் தெருக்கோடிவரை நடக்கச் சொன்னார்கள்.

அதையாவது யாரிடமாவது சொல்லியிருக்கலாம். அடுத்ததைத்தான் சொல்ல முடிந்ததில்லை.

நடக்கும்போது அப்பா ஒரே ஒரு தடவை தோப்புப் பக்கம் பார்த்தார். மகன் அங்கே இருப்பது அவருக்குத் தெரியும்.

மகன் வெளியே வரவில்லை.

தன் மகள் வயசுப் பெண் ஒருத்தி மைக்கை நீட்டியதும் அதைச் சொல்லிவிட்டான். இத்தனை வருஷம் கூடவே வாழ்கிறவளிடம் சொல்ல வாய் வந்ததில்லை. இவனா அப்படி ஒளிந்துகொண்டு நின்றான் என்று அவள் ஒரு கணம் பார்த்துவிட்டால்? அந்த ஒரு கணத்துக்குத்தான் பயம்.

கூவத்தூர் வளைவில் பஸ் வேகம் குறையாமல் திரும்பியது. ஏசுபாதத்தின் வலதுகால் தன்னையறியாமல் இல்லாத பிரேக்கை மிதித்தது.

சாராள் இயர்போனைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் அவன் பயந்த பார்வை அந்த முகத்தில் இல்லை. ஆச்சரியமும் இல்லை.

"பேரு மாத்துனா? ஒன் கொரல் எனக்குத் தெரியாதா?"

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முழங்கால்மேல் கையை வைத்தாள்.

"கல்யாணமான ரெண்டாம் மாசமே அத்த எங்கிட்ட சொல்லிடுச்சு. தோப்புல நின்னுகினு இருந்தது வரைக்கும். அவனா சொல்ற வரைக்கும் நீ வாயத் தொறக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கினுச்சு."

ஏசுபாதம் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மகள் கவியா பிளஸ் ஒன் படித்தபோது பள்ளிக்கூடத்தில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். சாராள் அதை வீட்டு வாசல்வரைகூட வரவிடவில்லை. பள்ளிக்கூட கேட்டிலேயே வாங்கி, அச்சரப்பாக்கத்தில் இருக்கும் தன் அண்ணன் மகளுக்கு வேனில் ஏற்றி அனுப்பிவிட்டாள். ரோட்டில் லாரி பயம் என்று ஒரு காரணம் சொன்னாள். கவியா ஒரு மாதம் அம்மாவோடு பேசவில்லை.

வாசலில் ஒரு சைக்கிள் வந்து நிற்காமல் போனதில் அன்றைக்கு ஏசுபாதத்துக்கு உள்ளுக்குள் பெரிய நிம்மதி. அது எப்படி வந்தது என்று அவன் யோசிக்கவில்லை. 'ஒங்கம்மாவுக்கு மனசே கெடையாதும்மா' என்று மகளைத் தேற்றியவனும் அவன்தான்.

சாராள் அப்போது பக்கத்திலேயே உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.