அறுபதைத் தொட்டால் ஆடும் கார்

இருக்கும்போது யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. காணாமல் போனால் எல்லோரையும் ஆட்டிவைக்கும். அது என்ன?

விடை தெரியாதவர்கள் இந்தக் காரில் ஏறிக்கொள்ளலாம்.

ஓட்டுவது மெக்கானிக். பக்கத்தில் அப்பா. பின் சீட்டில் அம்மாவும், மடியில் கப்பலோடு எட்டு வயது மகளும். ஐஸ்கிரீம் டப்பாவில் செய்த கப்பல், அடியில் வெள்ளித்தாள். பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டியில் மற்ற கப்பல்கள் எல்லாம் கவிழ்ந்தபோது இது மட்டும் நிமிர்ந்து நின்று பரிசு வாங்கியது. அதை யாரையும் தொட விடமாட்டாள்.

"இப்பப் பாருங்க, அறுபது வரப்போகுது," என்றார் அப்பா.

அறுபது வந்தது. மெக்கானிக்கின் கையில் ஸ்டியரிங், காய்ச்சல்காரனைப் போல் நடுங்கியது.

"எப்பலேர்ந்து சார்?"

"புதன்கிழமை மேடம் பிளாட்பாரத்துல ஏத்தினாங்க. வியாழக்கிழமை நான் பைபாஸ்ல போறேன், வண்டி ஆடுது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

"ஏத்தல. உரசினேன்," என்றார் அம்மா.

"அதை அந்தப் பிளாட்பாரத்தைக் கேட்டாத்தான் தெரியும்."

"கேளுங்க. அது உங்களை மாதிரி நாலு நாளா புலம்பாது."

காலையில் கிளம்பும்போதே அப்பா தீர்ப்புச் சொல்லியிருந்தார். ஆட்டத்துக்குக் காரணம் யாரோ, அவர் மூன்று மாதம் கார் சாவியைத் தொடக்கூடாது. மேசையில் ஓங்கித் தட்டிச் சொன்னதில், மகளின் தம்ளரிலிருந்து பால் தளும்பிச் சிந்தியது.

அம்மாவுக்குத் திங்கட்கிழமை புது வேலை. அலுவலகம் இருக்கும் பக்கம் பஸ் போகாது.

"நான் கொண்டுபோய் விடறேனே," என்றார் அப்பா.

"தினமும் பார்சல் மாதிரி போய் இறங்கறதுக்கா லைசென்ஸ் எடுத்தேன்?"

மெக்கானிக் வண்டியைத் திருப்பிப் பட்டறைக்குள் கொண்டுவந்தார்.

"ஆட்டம் கையிலதான் தெரியுது, சீட்டுல தெரியல. அப்ப முன் சக்கரம்."

பிளாட்பாரத்தில் உரசிய இடது முன் சக்கரத்தை ஜாக்கி போட்டுத் தூக்கினார். ரிம் ஓரத்தில், படாமல் ஒரு சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். சாக்பீஸ் எங்கேயும் படவில்லை, எங்கேயும் விலகவும் இல்லை.

"ரிம் வளைஞ்சிருந்தா ஒரு இடத்துல உரசும், ஒரு இடத்துல தள்ளிப்போகும். இது நேரா இருக்கு. மேடம் உரசினதுல டயர்ல ஒரு கீறல். அவ்வளவுதான்."

"இன்னொரு தடவை சத்தமா சொல்லுங்க அண்ணா," என்றார் அம்மா. "இவருக்கு இந்த மாதிரி விஷயம்னா காது கொஞ்சம் மந்தம்."

"அப்புறம் ஏன் ஆடுது?" என்றார் அப்பா.

மெக்கானிக் டார்ச்சை ரிம்முக்கு உள்பக்கம் அடித்தார். வரிசையாகச் சதுரம் சதுரமாக ஆறு பசைத் தழும்புகள்.

"இங்க ஆறு ஈயத் துண்டு ஒட்டியிருந்திருக்கு. சக்கரத்தோட எடையைச் சரிக்கட்டுற துண்டு. மெதுவாப் போனா ஒண்ணும் தெரியாது, வேகம் எடுத்தா ஆட்டிடும். ஆறும் தானா விழாது சார். யாரோ பொறுமையா உரிச்சிருக்காங்க. வண்டியை யார் கழுவறது?"

"ஞாயித்துக்கிழமை ஆனா இவர்தான் வாளியும் கையுமா நிப்பார்," என்றார் அம்மா.

அப்பா வாயைத் திறந்தார். கண் மகள் பக்கம் போனது. அவள் கப்பலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள். அப்பா வாயை மூடினார். பிறகு மறுபடி திறந்தார்.

"நான்தான். ஏதோ அழுக்கு ஒட்டியிருக்குன்னு எடுத்துட்டேன்."

மெக்கானிக் ரிம்மின் கம்பிகளுக்கு நடுவே இருந்த குறுகலான இடுக்கைப் பார்த்தார். அப்பாவின் கையைப் பார்த்தார்.

"இதுக்குள்ள உங்க கை போச்சா சார்?"

"ஸ்பூன் வெச்சு எடுத்தேன்."

"எந்த ஸ்பூன்?" என்றார் அம்மா.

"அது... வளைஞ்சுபோச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

"அழுக்கை எடுக்கறேன்னு சக்கரத்தையே சுரண்டிட்டு, நாலு நாளா என்னைக் கூண்டுல ஏத்தி நிக்க வெச்சிருக்கீங்க. தீர்ப்பு ஞாபகம் இருக்கா?"

"மூணு மாசம்," என்று சாவியை நீட்டினார் அப்பா.

மெக்கானிக் சக்கரத்தை இயந்திரத்தில் மாட்டிச் சுழலவிட்டு, புதுத் துண்டுகளை அளந்து ஒட்டினார். அம்மா ஓட்டுநர் சீட்டில் ஏறினார். பக்கத்தில் ஏறப்போன அப்பாவைத் தடுத்தார்.

"நீங்க பின்னாடி. பக்கத்துல உட்கார்ந்தா இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வருவீங்க."

அறுபது வந்தது. ஸ்டியரிங் அசையவில்லை. எழுபதிலும் அசையவில்லை.

"பாத்தீங்களா? கை எடுத்துட்டாக்கூட நேராப் போகும்."

"கையை எடுக்காதே," என்றார் அப்பா.

பின் சீட்டில் மகள் கப்பலைக் கவிழ்த்தாள். வெள்ளித்தாளின் ஓரத்தைப் பிரித்துக் காட்டினாள். உள்ளே, நடுக்கோட்டில் வரிசையாக ஆறு ஈயத் துண்டுகள்.

அப்பா தாளை மறுபடி மூடி, கட்டை விரலால் நீவிவிட்டார்.

"இனிமே கண்ணாடி நீ தேய், சக்கரம் நான் தேய்க்கறேன்," என்றார், அவள் காதுக்கு மட்டும்.

முன்னாலிருந்து அம்மா கேட்டார்: "ஏங்க, மூணு மாசம் கம்மியோ? ஆறாக்கிடலாமா?"

"உன் இஷ்டம்," என்றார் அப்பா.

சிக்னல் சிவப்பானது. கார் நின்றது.

"அம்மா, அதை எடுத்தது அப்பா இல்ல, நான்," என்றாள் மகள்.