கெஹிந்தே குடித்த கீரைச் சாறு

கிட்டே வாருங்கள் கண்ணுகளா, ஒரு சின்ன அம்புக்குறி நைஜீரியாவின் இபாதான் ஊரில் ஒருத்தியைத் தூங்கவிடாமல் செய்த கதை இது.

டாக்டரின் மேசையில் இரண்டாவது ரத்தப் பரிசோதனைத் தாள் கிடந்தது. இரண்டு பெண்களுக்குத் தாயான மொரெனிகே கண்ணை மூடிக்கொண்டாள்.

முதல் தாள் வந்து இரண்டு வாரம் ஆகிறது. சரியாகச் சாப்பிடவில்லையே என்று மகள் கெஹிந்தேவுக்கு மட்டும் ரத்தம் எடுக்கச் சொன்னாள். வெள்ளை அணுக்கள் ஒரு பிடி அதிகம். எண்ணுக்குப் பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு.

"போன வாரம் ரெண்டு பேருக்கும் சளின்னீங்களே, அதாம்மா இது. ஓடியாடுற பிள்ளை. தானா இறங்கிடும்," என்றார் அன்று டாக்டர்.

எய்த அம்பு தானாக இறங்குமா?

அன்றிலிருந்து கெஹிந்தேவுக்குக் காலையும் மாலையும் ஒரு குவளை உகு கீரைச் சாறு. மதியம் கசப்பிலைக் குழம்பு. எண்ணெயில் பொரித்துச் சர்க்கரை தூவிய பஃப்-பஃப் உருண்டை கூடவே கூடாது; கெஹிந்தேயின் பங்கையும் தைவோதான் தின்றாள்.

இருவரும் இரட்டை. முதலில் பிறந்தவள் தைவோ, ஆனாலும் தங்கை. உலகம் எப்படியிருக்கிறதென்று பார்த்து வர அவளை முன்னால் அனுப்பிவிட்டு, பின்னால் வந்த கெஹிந்தேதான் அக்கா. ஊர் வழக்கம் அப்படி.

"கண்ணைத் திறங்க, இரட்டைப் பிள்ளைத் தாயே. எல்லாம் சரியா இருக்கு. அம்பு போயிடுச்சு," என்றார் டாக்டர் இப்போது.

"போகாம என்ன செய்யும் டாக்டர்? குடிச்சது என் கையால பிழிஞ்ச சாறு."

மொரெனிகே கெஹிந்தேயை இழுத்து, ஊசி குத்திய இடத்தில் முத்தமிடக் கையைத் திருப்பினாள்.

குத்திய தடமே இல்லை.

பக்கத்தில் அதே பூப்போட்ட சட்டை, அதே பின்னல், தைவோ. அவள் முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"ஊசி வலிக்குமான்னு பாத்துட்டு வரச் சொன்னேம்மா," என்றாள் கெஹிந்தே.

"ரெண்டு தடவையுமா?"

"முதல் தடவை போயிட்டு வந்து, வலிக்குதுன்னு சொன்னா. அதான் மறுபடியும் அவளையே அனுப்பினேன்."

டாக்டர் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது.

தைவோ உதட்டோரத்துச் சர்க்கரையை நாக்கால் துடைத்தாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் தும்மி, சண்டை போட்டு, திருடித் தின்று நூறு வயது இருக்கட்டும்.