ஸ்கூட்டர் பிளக்

கொட்டகைக்குள் எபநேசர், அவன் மனைவி ஜெபக்கனி, அவள் ஸ்கூட்டர், அவனுடைய நாற்பது வயது மோட்டார் சைக்கிள். இன்றும் தாமதமானால் மில்லில் அவளுக்கு வேலை இல்லை. அவன் வேலையை விட்டு நின்று நாளாயிற்று. மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டர் கிளம்பவில்லை.

"ஸ்கூட்டர்ல இருந்த ஸ்பார்க் பிளக் எங்க?" என்றாள் ஜெபக்கனி.

"என் வண்டில மாட்டியிருக்கேன். சத்தத்தக் கேளேன், என்னமா ஓடுது!"

"கழத்திக் குடுங்க."

"சூடா இருக்கு, இப்பக் கழத்த முடியாது. ஏறு, நானே கொண்டு விடுதேன்."

அவள் ஏறினாள். வண்டி இருமி அணைந்தது. எத்தனை உதைத்தும் எழவில்லை. தூரத்தில் மில் சங்கு ஊதி ஓய்ந்தது.

"அப்ப கோளாறு கார்புரேட்டர்லதான்," என்றான் உற்சாகமாக.

"இதோடயே குடும்பம் நடத்துங்க."

அவன் கார்புரேட்டரைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜெபக்கனி வெளியே போய், கொட்டகைக் கதவைச் சாத்திப் பூட்டினாள்.