சுவரில் ஒட்டிய நெல்லிச்சாறு

ராஜபாளையத்து மூலிகை ஆலையில் ஸ்பிரே டிரையரின் கண்ணாடிச் சன்னல் வழியே உள்ளே பார்க்கிறாள் கனகலட்சுமி. அனல்காற்றில் பொடியாக உதிர வேண்டிய நெல்லிச்சாறு சுவரெங்கும் பாகாய் ஒட்டிக்கொண்டு பழுப்பாக மினுங்குகிறது. ஒட்டாமலிருக்கச் சாற்றில் மாவு கலக்கப் போனவளைக் காலையில் தடுத்தவன் சூப்பர்வைசர் பாண்டிதுரை. கலப்பில்லாத சரக்கென்று முதலாளியிடம் பேர் வாங்க அவனுக்கு ஆசை. இப்போது ரப்பர் சுத்தியலை அவள் முகத்துக்கு நேரே நீட்டுகிறான். "என் மூஞ்சிய என்னட்டி பாக்க? தட்டு, உதிரும்." டிரையரின் எவர்சில்வர் அடிக்கூம்பில் ஓங்கி ஓர் அடி வைக்கிறாள். வெயிலில் கொதிக்கும் தகரக்கூரை அதிர்கிறது. உள்ளே ஒரு துளிகூட அசையவில்லை. "கையில சத்தே இல்லயா? இன்னும் ஓங்கித் தட்டுட்டி." சுத்தியலை அவன் காலடியில் போடுகிறாள். தையல் பிரிக்காத மாவு மூட்டையின்மேல் போய்க் கால்மேல் கால் போட்டு உட்காருகிறாள். ஆறு வருஷமாக அவனைச் சார் என்று கூப்பிட்ட வாய் திறக்கிறது. "இனி நீ தட்டுலே."