ஐந்து மணி பஸ்

“அஞ்சு மணிக்குச் சங்கு ஊதினா போதும். பெண்டாட்டி, பொண்ணு முகத்தைப் பாக்கணும்னு ஜகதீசன் முதல் ஆளா பஸ்ல ஏறி உக்காந்துடுவார்.” மைக்கைப் பிடித்தபடி சொன்னார் மேனேஜர் வெங்கடகிருஷ்ணன்.

ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையின் கிளப் ஹாலில் நடந்த இரங்கல் கூட்டத்தில், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி கல்பகம் உதட்டைச் சுழித்தாள். பதினாறு வருஷத்தில் ஒரு நாளாவது ஒன்பது மணிக்கு முன்னால் வீட்டுப் படி ஏறியிருப்பாரா அந்த மனுஷர்? கேட்டால் ஓவர்டைம் என்பார். “அங்கேயே படுத்துக்கறதுதானே?” என்பாள் இவள். அவர் கால் அலம்பப் போய்விடுவார்.

“குடும்பம்னா உசிரு அவருக்கு. வாசல்லேயே ஃபாக்டரி இருக்கற மாதிரி டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ் கொடுத்தோம். மிஸஸுக்கு செகந்திராபாத்ல அந்த மாரேட்பள்ளி வீடுதான் பிடிக்கும்னு ரெண்டு தடவை திருப்பிக் கொடுத்துட்டார்.”

கல்பகம் நிமிர்ந்தாள். குவார்ட்டர்ஸுக்காக அவள் எத்தனை வருஷம் நச்சரித்திருப்பாள். “எனக்கு அலாட் ஆகலை” என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தார். அதற்காகவே கையாலாகாதவர் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவரை ஏளனம் செய்திருக்கிறாள்.

“உத்தமராம்,” என்று முணுமுணுத்தாள்.

“அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பாக்கறாங்க,” என்றாள் பக்கத்தில் இருந்த மகள் நீலா, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

கூட்டம் முடிந்ததும் ஜகதீசனின் படத்தைச் சட்டம் போட்டுக் கையில் கொடுத்து, கம்பெனி வேனில் ஏற்றிவிட்டார்கள். துணைக்கு வந்த உமாசங்கர், ஜகதீசனோடு தினமும் பஸ்ஸில் போய்வந்தவன். பாதி வழியில் பேகம்பேட் வந்ததும் வெளியே கையைக் காட்டினான்.

“இங்கேதான் மாமி சார் இறங்குவார். ஆத்துக்கு ஏதாவது வாங்கிண்டு போகணும்பார்.”

ஒரு நாளும் ஒரு முழம் பூகூட வீட்டுக்கு வந்ததில்லை. கல்பகத்துக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலிருந்தது. அஞ்சு மணி அவசரம், வேண்டாமென்ற குவார்ட்டர்ஸ், பேகம்பேட். எவளோ ஒருத்தி இங்கே இருக்கிறாள்.

“வண்டியை நிறுத்தச் சொல்லுங்கோ. நீலா, நீ ஆத்துக்குப் போ. நான் பின்னாடியே வரேன்.”

ஸ்டாப்புக்கு எதிரே விமான நிலையத்தைப் பார்த்தபடி ஓர் இரானி டீ ஹோட்டல். கல்லாவில் இருந்த ஏனோக் செகந்திராபாத் தமிழர். கல்பகம் படத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“இவரைத் தெரியுமா?”

“நம்ம ஜகதீசன் சார். ரெண்டு வாரமா ஆளையே காணலியே.”

“போயிட்டார். ஹார்ட் அட்டாக்.”

ஏனோக் எழுந்து நின்றுவிட்டார். “தங்கமான மனுஷர்ம்மா. நீங்க சாரோட தங்கச்சிங்களா?”

அதற்கெல்லாம் அவளுக்குப் பொறுமையில்லை. “இங்கே யாரோட வருவார்? அதைச் சொல்லுங்கோ.”

“யாரோடயும் இல்லம்மா, தனியாத்தான். அதோ, அந்த ஜன்னலோர நாற்காலி. ரெண்டு டீ, ஒரு பிஸ்கட். ப்ளேன் எறங்கறதையும் ஏறறதையும் பாத்துக்கிட்டு எட்டரை வரைக்கும் உக்காந்திருப்பாரு.”

“வேற பொம்மனாட்டி யாரும்...”

“சேச்சே. அவரைப் போய் அப்படி நினைக்கலாமா?”

கல்பகத்துக்கு மூச்சு வந்தது. கூடவே அந்தப் பழைய இளக்காரமும் திரும்பி வந்தது. ஒருத்தியை வைத்துக்கொள்ளக்கூடத் துப்பில்லாத மனுஷர். ப்ளேன் பார்க்கிறாராம், சின்னக் குழந்தை மாதிரி.

“பின்னே என்னத்துக்குத்தான் தினமும் இங்கே வந்து உக்காந்தாராம்?”

ஏனோக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“சம்சாரம் செத்துப்போன வீட்டுக்குச் சீக்கிரமா போய் என்ன பண்றதுன்னு கேப்பாரும்மா.”